சுதாவின் காலை ஊசி

1

வரலட்சுமி நோன்பு போய் ஒரு மாதம் ஆகிறது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் அம்மனை அழைக்கவில்லை. கலசச் சொம்பு பரணை விட்டு இறங்கவே இல்லை. ஊரிலிருந்து மன்னி கேட்டாள். இங்கே டில்லி மோதி பாக்கில் வருஷா வருஷம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வருகிற மாமிகளும் கேட்டார்கள். எல்லாரிடமும் "உடம்பு சரியில்லை" என்றேன். பொய் இல்லை. யார் உடம்பு என்றுதான் சொல்லவில்லை.

டில்லியை வெளியூர் என்று சொன்னாலே ஊரில் சிரிப்பார்கள், அயல்தேசம் என்றால் கேட்கவே வேண்டாம். பாஸ்போர்ட் உண்டா, விசா உண்டா, ரயிலில் ஏறிப் படுத்தால் வந்துவிடுகிற இடம்தானே என்பார்கள். ஏறிப் படுத்து வந்தவள்தான் நானும். இருபது வருஷமாக இன்னும் வந்து சேர்ந்தபாடில்லை. இங்கே பேசுவது ஒன்று, நினைப்பது ஒன்று, பெற்ற பெண் பதில் சொல்வது இன்னொன்று.

டில்லியைப் பற்றி எழுதச் சொன்னால் குளிரில் இட்லி மாவு பொங்காத கதையை எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அதை எழுதியாகிவிட்டது, படித்தும் சிரித்தும் ஆகிவிட்டது. இது வேறு. இது என் பெண் சுதாவின் காலை ஊசியைப் பற்றியது. நான் அவளைக் கொல்லப் பார்த்ததைப் பற்றியது. வேண்டுமென்று இல்லை, ஆனால் அந்தச் சமாதானம் எனக்கே எடுபடவில்லை.

சுதாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். என்ன தைரியம் பாருங்கள்!

2

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. சுதாவுக்கு ஒன்பது வயது. ஓயாமல் தண்ணீர் குடித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் குழாயடியில் வாயை வைத்தால் எடுக்கமாட்டாள். டில்லி வெயில், குழந்தைக்குத் தாகம் என்று நானும் கூஜாவில் தண்ணீர் நிரப்பி நிரப்பி வைத்தேன். கவுன் தோளில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. ஒருநாள் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சர்க்கரை வியாதியாம். ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சர்க்கரை வியாதி என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இனி வாழ்நாள் முழுக்க தினமும் இன்சுலின் ஊசி, இரண்டு வேளை. போடாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

எங்கள் மாடியில் ஸ்டெல்லா குடியிருந்தாள், இன்னும் இருக்கிறாள். நாசரேத்துப் பக்கம் சொந்த ஊர், இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள். முதலில் ஆரஞ்சுப் பழத்தில் குத்தச் சொன்னாள். பிறகு தன் கையையே நீட்டி, "என்னைக் குத்துங்க மாமி, பயப்படாதிய" என்றாள். அப்போது எங்களிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஒரு பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னப் பானையை வைத்து, அதில் மருந்து பாட்டிலை வைக்கச் சொன்னதும் அவள்தான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சிரிஞ்சைக் கொதிக்க வைத்துக்கொண்டே சும்மாதான் கேட்டேன்.

"ஏண்டி ஸ்டெல்லா, இந்த மருந்தை எதுலேர்ந்து பண்றா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "மாமி, அது இப்ப எதுக்கு?"

"சொல்லேன்."

"மாட்டுல இருந்துதான் எடுக்காவ. வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு உண்டுல்லா, அதை அரைச்சு எடுப்பாவ. சிலது பன்னியில இருந்தும் வரும். இது மாடு."

அடுப்பில் சிரிஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. அதே அடுப்பில்தான் சற்று முன் சுவாமிக்குச் சாதம் வடித்திருந்தேன். வெங்காயம்கூட நாள் பார்த்து வாங்குகிற வீடு எங்கள் வீடு. மருந்தை ஏற்றினேன், சுதாவின் கையில் போட்டேன். போடாமல் இருந்திருப்பேனா? இன்றைக்குக் கேட்டாலும் போட்டிருப்பேன் என்றுதான் சொல்வேன்.

அன்று மத்தியானம் பாலை விட்டேன். பால், தயிர், மோர், நெய், எல்லாம். காப்பி உட்பட. மாட்டின் வயிற்றைக் கிழித்து என் குழந்தைக்கு உயிர் வாங்கிக்கொண்டிருக்கிறேன், அதற்கு மேல் என் நாக்குக்கும் அதனிடம் கை நீட்டுவதா என்று தோன்றிவிட்டது. தஞ்சாவூர் ஜில்லாக்காரி காப்பியை விட்டாள் என்றால் அது என்ன என்று உங்களில் பாதிப் பேருக்காவது புரியும்.

இவரிடம் மட்டும் சொன்னேன். சர்க்கார் மந்திராலயத்தில் ஃபைலைப் புரட்டிப் புரட்டி எதையும் இரண்டு பக்கமும் பார்க்கிறவர் என் வீட்டுக்காரர். "நீ பாலை விட்டா மாட்டுக்கு என்னடி லாபம் ராஜம்? டிப்போக்காரனுக்கு அரை லிட்டர் மிச்சம்" என்றார். ஆனால் அன்றிலிருந்து என் எதிரே காப்பி குடித்ததில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

மற்றவர்களிடம் எனக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லி வைத்தேன். சுதாவிடமும் அதையேதான் சொன்னேன். மருந்து எதிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியவே கூடாது என்று ஸ்டெல்லாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

3

ஒன்பது வருஷம். பானை போய் ஃப்ரிட்ஜ் வந்தது. பிஜ்லி, அதான் கரண்ட், போனால் மட்டும் ஸ்டெல்லா சொன்ன மணல் பானை மறுபடி இறங்கும். டிஸ்பென்சரியில் க்யூவில் நிற்பேன், "நாட் அவைலபிள்" என்று சீட்டில் எழுதி முத்திரை குத்துவார்கள், அந்தச் சீட்டோடு இன்னொரு க்யூ, வெளியே வாங்கிக்கொள்ள அனுமதிக்கு ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போடுகிறவர் டீ குடிக்கப் போயிருப்பார். முதல் வருஷம் அழுதேன். அப்புறம் ஹிந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். என் ஹிந்தி முழுக்க அந்த வரிசையில் நின்று கற்றதுதான், அதனால் அதில் மரியாதைச் சொல் குறைவு.

சுதா வளர்ந்தாள். மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நாங்கள் சேர்க்கவில்லை. இவருக்கு எப்போது மாற்றல் வருமோ என்று ஹிந்தி, இங்கிலீஷ் சொல்லித்தரும் பள்ளியில் போட்டோம். மாற்றலும் வரவில்லை, தமிழும் வரவில்லை. இப்போது காலேஜ். சிநேகிதிகளோடு ஃபோனில் பேசும்போது அவள் குரலே வேறு. என்னோடு பேசும்போது பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு, "அச்சா, சோடோ, விடு, உனக்குப் புரியாது" என்பாள். எனக்குப் புரியும். புரியாது என்று அவள் நினைப்பது வசதியாக இருப்பதால் விட்டுவிடுவேன்.

பன்னிரண்டு வயதிலேயே தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். சாயங்கால ஊசியை எடுத்துக்கொண்டாள். காலை ஊசியை மட்டும் என்னிடம் விட்டு வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதையும் எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று பயம். பேப்பரையோ புஸ்தகத்தையோ பார்த்துக்கொண்டே இடது கையை என் பக்கம் நீட்டுவாள். "ஜல்திமா, பஸ் போயிடும்" என்பாள். ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நாள் முழுவதிலும் எனக்கு வாய்த்த நேரம் அதுதான். அந்த நேரத்தில்கூட என் மனசுக்குள் ஒரே வார்த்தைதான் ஓடும். பாவம், பாவம், பாவம்.

4

ஜூலை கடைசியில் அமெரிக்காவிலிருந்து என் தம்பி வந்தான். சூட்கேஸைத் திறப்பதற்கு முன்னால் ஒரு ஃப்ளாஸ்க்கைத் திறந்தான். உள்ளே ஐஸ் உருகிய தண்ணீரில் ஆறு சின்ன பாட்டில். ஏர்போர்ட்டில் சுங்கக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அரைமணி குடைந்தாராம்.

"அக்கா, இது புது இன்சுலின். மாடும் இல்லை, பன்னியும் இல்லை. இனிமே நீ காப்பி குடிக்கலாம்" என்றான். அவனுக்கு இவர் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, சுதா குளித்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ளாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தேன். "அப்ப எதுலேர்ந்துடா?"

"கிருமியிலேர்ந்து. மனுஷ உடம்புல இன்சுலின் எப்படிப் பண்ணணும்னு ஒரு குறிப்பு இருக்கும் இல்லையா, அதை எடுத்து ஒரு பாக்டீரியாவுக்குள்ள வெச்சுட்டா. அது பாட்டுக்குப் பண்ணிக் கொட்டறது. பெரிய பெரிய அண்டாவுல வளர்க்கறா. பையோடெக்னாலஜிங்கறா. அங்க எல்லாப் பத்திரிகையிலயும் இதுதான் பேச்சு."

இவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "எந்த பாக்டீரியா?"

"நம்ம குடல்ல இருக்குமே அத்திம்பேர், அதே ஜாதிதான்."

"பேஷ்! ஏண்டி ராஜம், குடல்ல இருக்கற கிருமி உனக்கு மடியா?"

தம்பி சிரித்தான். தலையைத் துவட்டிக்கொண்டு அப்போதுதான் வந்த சுதாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது மடிதான் என்று பட்டது. கிருமி என்ன புதுசா? தினமும் உறை குத்தித் தயிர் பண்ணினவள்தானே நான். இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் பொங்கியிருக்கிறது, அது யார் வேலை? சுதா பிறந்த சமயம் எனக்கு ஜன்னி கண்டு பிழைத்ததே பூஞ்சணத்திலிருந்து எடுத்த மருந்தால்தான். பரம்பரையாகக் கிருமியிடம் வேலை வாங்கித்தான் சாப்பிட்டு வந்திருக்கிறோம். இப்போது அமெரிக்காக்காரன் அதற்கு வேறு ஒரு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறான். யாரையும் கொல்ல வேண்டாம். அதைவிடச் சுத்தம் வேறென்ன வேண்டும்?

சுதா பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டாக்டர்கிட்டக் கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்மா. என் அப்பாயின்ட்மென்ட் அடுத்த மாசம்தானே" என்றாள்.

ஸ்டெல்லாவும் பார்த்தாள். "நல்ல சரக்குதான் மாமி. ஆனா டாக்டர்ட்ட கேக்காம மாத்திராதிய. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு உண்டும்" என்றாள்.

சரி என்றேன். ஃப்ரிட்ஜ் கதவில் பழைய பாட்டிலுக்குப் பக்கத்தில் புதியதை வைத்தேன். பழையதில் 40 என்று போட்டிருந்தது, புதியதில் சிவப்பில் 100. இரண்டையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சரக்கு உசத்தி போலிருக்கிறது, அதனால் நூறு என்று போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முன்னால் வரலட்சுமி நோன்பு வந்தது. அதுதான் என் போதாத காலம். ஒன்பது வருஷமாக மாட்டு மருந்தைக் குத்தின கையால் அம்மனுக்குச் சரடு சாத்திக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் சாத்துவேன். இந்த வருஷமாவது சுத்தமான கையோடு அழைக்கலாமே என்று ஒரு ஆசை. ஆசை என்ன, வெறி. அமெரிக்காவிலிருந்து அம்மனே அனுப்பி வைத்த மாதிரி ஆறு பாட்டில் உட்கார்ந்திருக்கிறது, டாக்டர் தேதிக்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும்? கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை.

5

நோன்புக்கு முதல் நாள், வியாழக்கிழமை காலை. சுதா பேப்பரைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். புதிய பாட்டிலிலிருந்து மருந்தை எடுத்தேன். வழக்கமான அதே சிரிஞ்சு, வழக்கமான அதே கோடு. போட்டேன். முதல்முறையாக மனசில் அந்த வார்த்தை ஓடவில்லை. அவள் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தேன். "க்யா ஹுவா, என்ன ஆச்சு?" என்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

காலேஜுக்கு அன்று லீவு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு வா, வாழையிலையும் தாழம்பூவும் வாங்கணும், நீ கூட வந்தால் தூக்க ஒத்தாசை என்று கூப்பிட்டேன். அவள் பர்ஸில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கும், சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ள. "பர்ஸெல்லாம் எதுக்கு, ரெண்டு கையும் வேணும் எனக்கு" என்று நான்தான் சொன்னேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நம்மூர்ச் சாமான் கடைக்குப் போக வேண்டுமென்றால் கறிக்கடை, மீன்கடை வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போவது என் வழக்கம். சாமான் கடையில் நல்ல கூட்டம். டில்லியிலிருக்கிற மாமிகள் அத்தனை பேரும் அங்கேதான். தாழம்பூ காய்ந்து கிடந்தது. விலை சொன்னார் பாருங்கள், கடைக்காரரோடு மல்லுக்கு நின்றேன்.

சுதா என் தோளைப் பிடித்து இழுத்தாள். "சலோ நா அம்மா, போலாம்."

"இரு."

"சலோன்னு சொல்றேன் இல்ல? எத்தனை நேரம்?" சத்தம் போட்டுக் கத்தினாள். எல்லா மாமிகளும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"அம்மாவோட அஞ்சு நிமிஷம் நிக்க முடியலையா உனக்கு? அதுவே உன் ஃப்ரெண்ட்ஸா இருந்தா நாள் பூரா நிப்பே" என்று திட்டினேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆகஸ்ட் புழுக்கம், எனக்கும்தான் வேர்த்திருந்தது. அவள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தாள். போகட்டும், கோபம் தணிந்து வருவாள் என்று நான் பூ விலைக்குத் திரும்பினேன். என் குழந்தை மூழ்கிக்கொண்டிருந்தாள். நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"அரே, லட்கி கிர் கயி!" என்று யாரோ கூவினார்கள். ஓடினேன். கறிக்கடை வாசலில், ஈரத் தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சம் இறங்கிப் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. "சீனி! சீனி தோ பையா, கோயி சீனி தோ!" என்று கத்தினேன்.

கறிக்கடைக்காரர் குதித்து வந்தார். அப்போதுதான் அவருக்கு வந்திருந்த டீ, பாதி குடித்தது. டப்பாவிலிருந்து சர்க்கரையை அப்படியே அதில் கவிழ்த்து என்னிடம் நீட்டினார். அவர் விரலிலிருந்த ரத்தம் கண்ணாடி டம்ளரில் ஒட்டியிருந்தது. தலைக்கு மேலே ஆடு தொங்கியது. நான் அவளை மடியில் சாய்த்து, இழுப்பு நிற்கும்வரை அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை ஈறில் தேய்த்தேன். பிறகு உதட்டில் டீயைத் துளித் துளியாக விட்டேன். விழுங்கினாள். பாதி என் புடவையில் கொட்டியது. அவர் எச்சில், பால், ரத்தம், எதுவும் எனக்கு அப்போது நினைவில்லை. மடி, சுத்தம், அம்மன், ஒன்றும் இல்லை. விழுங்குடி, விழுங்குடி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கப்ராயியே மத் பெஹன்ஜி" என்று தைரியம் சொல்லிவிட்டு அவர் தெருவுக்கு ஓடி ஸ்கூட்டர் ரிக்‌ஷாவை நிறுத்தினார். சுதாவைத் தூக்கி வைத்ததும் அவர்தான். மூக்கை மூடிக்கொண்டு நான் அத்தனை வருஷம் அவர் கடையைத் தாண்டியிருக்கிறேன். அவர் அதைப் பார்த்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் என்ன ஊசி, எவ்வளவு என்று கேட்டார். அமெரிக்க மருந்து, வழக்கமான அளவு என்றேன். எந்த சிரிஞ்சில் என்றார். பழைய சிரிஞ்சில் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"மாதாஜி, நம்ம சிரிஞ்சு நாற்பதுக்குப் பண்ணினது. அந்த பாட்டில் நூறு. அதே கோடு வரைக்கும் எடுத்தா ரெண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். யார் இதைப் போடச் சொன்னது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"நான்தான்" என்றேன். "மைனே" என்ற அந்த ஒரு சொல்லுக்கு மேல் எனக்கு ஹிந்தி வரவில்லை.

ஆபீஸிலிருந்து ஓடி வந்த இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் தேவலை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ராஜம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுதாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

6

நோன்பன்று மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் சுதா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா பண்ணினே? நான் வெயிட் பண்ணலாம்னு சொன்னேனே."

சொன்னேன். வேறு வழி இல்லை. மருந்து மாட்டிலிருந்து வருகிறது என்று, அதை அவளுக்குத் தெரியாமல் மறைத்தேன் என்று, இந்தக் கையால் இனி அதைத் தொட வேண்டாமே என்று அவசரப்பட்டேன் என்று.

"மாடுன்னு எனக்குத் தெரியும்மா. பாட்டில்லயே இங்கிலீஷ்ல எழுதியிருக்கே, 'போவைன்'னு. ஆறாம் க்ளாஸ்லயே டிக்‌ஷனரி பார்த்துட்டேன். உனக்குத் தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு நான்தான் சொல்லலை."

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அந்த இடத்தோடு நின்றிருந்தால் அழுதுவிட்டுச் சிரித்திருப்போம். ஆனால் சுதா புத்திசாலி. அவள் முகம் மெல்ல மாறியது.

"இரு. நீ பால் சாப்பிடாதது அலர்ஜி இல்லையா?"

நான் போர்வை நுனியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"காப்பி? தயிர்? எல்லாம் அதுக்கா? நான் என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், அம்மாவுக்கு அலர்ஜின்னு. உன் பர்த்டேக்கு நான் பண்ணின பாயசத்தைக்கூடத் தொடலையே நீ. நான் அன்னிக்கு எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

"உனக்காகத்தாண்டி கண்ணு."

"எனக்காகவா? நான் உயிரோட இருக்கறதுக்கு நீ பிராயச்சித்தம் பண்ணிண்டிருக்கே. தினம் கார்த்தால என் கையைப் பிடிச்சுண்டு, இவளால எனக்குப் பாவம்னு நெனச்சிண்டு குத்தியிருக்கே. நான் அந்த டைம்ல உன்னோட உட்காரணும்னுதான் காலை ஊசியை உன்கிட்ட விட்டேன். பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படிச் சொல்வது? அப்படித்தானே நினைத்தேன். அவளைப் பாவம் என்று நினைக்கவில்லை, என் கையை நினைத்தேன், மாட்டை நினைத்தேன். ஆனால் அந்தக் கணக்கில் குற்றவாளியாக நடுவே நின்றது யார்? ஒன்பது வயதிலிருந்து கையை நீட்டிக்கொண்டு நின்றவள் அவள்தானே. என் பெண் உயிரோடு இருப்பதற்காக நான் சந்தோஷப்பட்ட காலை ஒன்றே ஒன்றுதான், அன்றைக்குத்தான் அவளைச் சாகடிக்கப் பார்த்தேன்.

"இனிமே காலை ஊசியும் நானே போட்டுக்கறேன்" என்றாள். சிரிஞ்சு டப்பாவை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

7

அடுத்த வாரம் டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். நான் போகவில்லை, அவள் கூப்பிடவில்லை. புது மருந்தில் தப்பே இல்லை, நாளைக்கு எல்லாரும் அதைத்தான் போட்டுக்கொள்வார்கள், அதற்கேற்ற சிரிஞ்சு வந்ததும் அளவு பார்த்து மாற்றலாம், அதுவரை பழையதே போதும் என்றாராம். இவர்தான் வந்து சொன்னார். மீதி பாட்டில்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கின்றன. காய்கறி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சிவப்பு நூறு என்னைப் பார்க்கிறது. மருந்து மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இன்னும் எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைக்கட்டும், எத்தனையோ மாடுகளும் பிழைக்கட்டும். நான்தான் அதைத் தொடத் தகுதி இல்லாதவள்.

ஸ்டெல்லா வந்தாள். "என்ன மாமி, இப்பிடிப் பண்ணிட்டியளே" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

காலையில் சுதாவின் அறைக்கதவு சாத்தியிருக்கும். உள்ளே அவள் ஊசி போட்டுக்கொள்கிற நேரத்தில் நான் சமையலறையில் சும்மா நிற்பேன். கையை என்ன செய்வது என்று தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படிப் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை இவருக்குக் காப்பி கலக்கும்போது இரண்டு டம்ளரில் கலந்தேன். பால்கனிக்கு ஒன்று போயிற்று. இன்னொன்றை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். சுதா பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே உட்கார்ந்து குடித்தேன். பரிகாரமும் இல்லை, நாடகமும் இல்லை. நாடகம் என்று அவள் நினைத்தாலும் சரி என்று குடித்தேன். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் முதல் வாய். நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததே என்று வெட்கமாக இருந்தது.

அவள் பேப்பருக்கு மேலாகப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

டப்பாவும் பாட்டிலுமாகத் திரும்பி வந்தாள். பழைய பாட்டில். என் முன்னால் வைத்துவிட்டு எப்போதும்போல் இடது பக்கம் உட்கார்ந்தாள். பேப்பரை மட்டும் எடுக்கவில்லை.

கையை அலம்பிக்கொண்டு வந்து மருந்தை எடுத்தேன். அவள் கையை நீட்டவில்லை.

"காட்டு" என்றாள்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே சிரிஞ்சைப் பிடித்துக் காட்டினேன். அவள் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கோட்டைப் பார்த்தாள். என் பெண் என்னைச் சரிபார்த்தாள். பார்க்கட்டும். இனி என் ஆயுசு முழுக்க காட்டிவிட்டுத்தான் போடுவேன்.

"டீக் ஹை" என்றாள். கையை நீட்டினாள்.